நாற்பதாண்டு இடைத்தங்கல்

குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட விலக்கு ஆணையில், இலங்கைத் தமிழர்கள் குறித்து ஒரு சிறு பிரிவு இடம்பெற்றிருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, அரசிடம் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள், பாஸ்போர்ட்டோ விசாவோ இல்லாமல் இங்கு வந்தார்கள், தங்கியிருக்கிறார்கள் என்பதற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்பதே அதன் சாரம். இலங்கையில் மைத்ரிபால சிறிசேனா அதிபராகப் பதவியேற்ற நாள் அது.

இந்த ஆணை வரவேற்கத்தக்கது. நாற்பது ஆண்டுகளாக இந்த மண்ணில் வாழ்ந்தும், எந்த நாளிலும் வழக்குக்கு உள்ளாகலாம் என்ற நிலையில் இருந்தவர்களுக்கு அது ஓர் ஆறுதல். ஆனால், அந்த ஆணை எதைத் தந்தது என்பதோடு எதைத் தரவில்லை என்பதையும் பார்த்தாக வேண்டும். நீண்டகால விசாவை அது தரவில்லை. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் தகுதியைத் தரவில்லை. 'நீ குற்றவாளி அல்ல' என்று அது சொல்கிறது. 'நீ யார்' என்ற கேள்விக்கு விடை சொல்லவில்லை. குற்றவாளி அல்லாதவர் என்ற நிலைக்கும் குடிமகன் என்ற நிலைக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில்தான் சுமார் 90,000 தமிழர்கள் வாழ்ந்து கொண்டிருக்கிறார்கள்.

அகதிகள் தொடர்பான உரையாடலில் 'இடைத்தங்கல் நாடு' என்றொரு சொல்லாட்சி உண்டு. உயிருக்கு அஞ்சி ஓடிவருபவர் நிரந்தரமாகக் குடியேறும் நாடன்று அது; ஊர் திரும்பும் வரை, அல்லது வேறொரு நாடு ஏற்றுக்கொள்ளும் வரை, ஒதுங்கி நிற்கும் திண்ணை. இந்தோனேசியாவும் மலேசியாவும் தம்மை அப்படித்தான் கருதிக் கொள்கின்றன. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலோ, 1967-ஆம் ஆண்டின் நெறிமுறையிலோ கையொப்பமிடாத இந்தியாவும் ஈழத்தமிழர் விஷயத்தில் அதே நிலைப்பாட்டையே கொண்டது. போர் முடியும், அவர்கள் திரும்பிப் போவார்கள், அதுவரை கூரையும் அரிசியும் கொடுப்போம் என்பதே 1983 முதல் இன்று வரையிலான கொள்கை. போர் 2009 மே மாதத்தில் முடிந்துவிட்டது. திண்ணையில் ஒதுங்கியவர்கள் மட்டும் இன்னும் திண்ணையிலேயே இருக்கிறார்கள்.

தமிழகத்தில் இந்த இடைத்தங்கலின் வாயில், இராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள மண்டபம் முகாம். அதன் வரலாறே ஒரு பாடம். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழர்களைத் தங்கவைத்து, நோய்த்தொற்று இல்லை என்று உறுதி செய்த பின்னர் கப்பலேற்றி அனுப்பிய இடம் அது. பின்னர் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி, அதே தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் 'தாயகம் திரும்பியோர்' என்ற பெயரில் அதே வழியாக வந்து இறங்கினார்கள். 1983-க்குப் பிறகு, போருக்குத் தப்பியவர்கள் படகுகளில் வந்து சேர்ந்ததும் அங்கேதான். ஒரே சமூகத்தைச் சேர்ந்த மூன்று தலைமுறையினர் ஒரே முகாமின் வழியாக, முதலில் கூலியாக, பின்பு 'திரும்பியோராக', இறுதியில் அகதியாகக் கடந்து சென்ற இடம் உலகில் வேறெங்கும் இருக்குமா என்பது ஐயமே.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 1983 ஜூலை முதல் 2012 ஆகஸ்ட் வரை, பல கட்டங்களாக இலங்கையிலிருந்து வந்தவர்கள் 3,04,269 பேர் என்கிறது மத்திய உள்துறை அமைச்சகம். அவர்களுள் முதற்கட்டத்தில் மட்டும், அதாவது 1983 ஜூலை இனப்படுகொலைக்கும் 1987 ஜூலை இந்திய - இலங்கை ஒப்பந்தத்துக்கும் இடையில், 1,34,053 பேர் வந்தார்கள். 1995 மார்ச் வரை அரசின் ஏற்பாட்டில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 99,469 பேர். அதன்பின் அரசு முன்னின்று பெருமளவில் யாரையும் அனுப்பி வைக்கவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தெரிவித்த கணக்கின்படி, 108 முகாம்களில் 18,944 குடும்பங்களைச் சேர்ந்த 58,822 பேரும், முகாம்களுக்கு வெளியே காவல் நிலையங்களில் பதிவு செய்துகொண்டு 13,540 குடும்பங்களைச் சேர்ந்த 34,087 பேரும் வாழ்ந்தனர்.

இந்த எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பிறப்பையும் இறப்பையும் கணக்கில் கொள்ளாவிட்டாலும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அரசின் பெரிய ஏற்பாடு எதுவுமின்றியே இங்கிருந்து வெளியேறியிருக்கிறார்கள். சிலர் ஊர் திரும்பினர். பலர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றனர். எஞ்சியிருப்பவர்கள் யார்? பெரும்பாலும் திரும்பிச் செல்ல நிலமோ, தாண்டிச் செல்லப் பணமோ இல்லாதவர்கள். இடைத்தங்கல் என்பது வசதியுள்ளவர்களுக்குப் பாதையாகவும் வசதியற்றவர்களுக்குச் சுவராகவும் அமைந்துவிட்டது.

திருவள்ளூர் மாவட்டத்து வாசகர்கள் இதற்காக இராமேசுவரம் வரை பார்வையைச் செலுத்த வேண்டியதில்லை. தமிழகத்தின் பெரிய முகாம்களுள் ஒன்று, ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. சென்னையிலிருந்து அங்கே செல்லும் வழியில், புழல் காவாங்கரையில் இன்னொன்று. பொதட்டூர்பேட்டையின் விசைத்தறிக் கூடங்களிலிருந்து கும்மிடிப்பூண்டி முகாம் ஒரு பேருந்துப் பயணத் தொலைவுதான். அங்குள்ள ஆண்களில் பெரும்பாலோருக்குத் தொழில் பெயின்ட் அடிப்பது. சென்னையிலும் புறநகரிலும் எழும்பும் அடுக்குமாடிகளின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கி வண்ணம் பூசுபவர்களில், மட்டக்களப்பையும் மன்னாரையும் திருகோணமலையையும் பூர்விகமாகக் கொண்டவர்கள் எத்தனையோ பேர். பொறியியல் பட்டம் பெற்ற இளைஞரும் பத்தாம் வகுப்பில் நின்றுவிட்ட இளைஞரும் அந்த ஒரே கயிற்றில் தொங்குவதுதான் முகாம் வாழ்வின் சமத்துவம்.

தமிழக அரசு எதுவுமே செய்யவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. உதவித்தொகை, அரிசி, மருத்துவம், பள்ளிக்கல்வி ஆகியவற்றைக் கட்சி வேறுபாடின்றி அடுத்தடுத்து வந்த அரசுகள் வழங்கியே வந்துள்ளன. செலவின் கணிசமான பகுதியை மத்திய அரசு ஈடு செய்கிறது. 2021 ஆகஸ்ட் 27 அன்று ரூ.317.40 கோடி மதிப்பிலான திட்டங்களைத் தமிழக முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார். அதில் 7,469 பழுதடைந்த வீடுகளுக்குப் பதிலாகப் புதிய வீடுகள் கட்ட மட்டும் ரூ.231.54 கோடி. 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றப்பட்டது. 2023 செப்டம்பரில் வேலூர் மேல்மொணவூரில் நடந்த விழாவில் 1,591 வீடுகள் திறந்துவைக்கப்பட்டன. பத்துக்குப் பத்து அடி அறையில் மூன்று தலைமுறையாகப் புழுங்கியவர்களுக்கு, சமையலறையும் கழிப்பறையும் கொண்ட ஒரு வீடு என்பது சாதாரண மாற்றமன்று.

ஆயினும், உதவியின் எல்லை எங்கே முடிகிறது என்பதையும் காண வேண்டும். அன்று உயர்த்தப்பட்ட உதவித்தொகை, குடும்பத் தலைவருக்கு மாதம் ரூ.1,500, மற்ற பெரியவர்களுக்கு ரூ.1,000, சிறு குழந்தைகளுக்கு ரூ.500. கணவன், மனைவி, இரு குழந்தைகள் கொண்ட குடும்பத்துக்கு மாதம் ரூ.3,500, அதாவது ஒருவருக்கு நாளொன்றுக்கு முப்பது ரூபாய்க்கும் குறைவு. இதை வைத்துக்கொண்டு யாரும் வாழ முடியாது, உழைத்துத்தான் வாழ்கிறார்கள். ஆனால், அந்தத் தொகையைப் பெறுவதற்காக முகாமில் ஆளெண்ணிக்கைத் தணிக்கையின்போது நேரில் நிற்க வேண்டும். வெளியூரில் தங்கி வேலை செய்ய அனுமதி பெற வேண்டும். முப்பது ரூபாய் உதவிக்காக முந்நூறு ரூபாய் கூலி வேலையை இழக்க நேரிடும் ஏற்பாட்டை மறுவாழ்வு என்று எப்படி அழைப்பது?

பெயர்ப்பலகையில் மாற்றம் வந்தது. சட்டப் புத்தகத்தில் வரவில்லை. பாஸ்போர்ட் இல்லை. வாக்குரிமை இல்லை. அரசுப் பணி இல்லை. சட்டம் படித்தாலும், வழக்குரைஞராகப் பதிவு செய்துகொள்ள வழக்குரைஞர்கள் சட்டம் பொதுவாக இந்தியக் குடியுரிமையைக் கேட்கிறது. புதிதாகக் கட்டித்தரப்பட்ட வீட்டில் வசிக்கலாம். அதன்மீது உரிமை கோர முடியாது. 1991 மே மாதத்தில் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்ட பின்னர், முகாம்களில் தொண்டு நிறுவனங்கள் நுழையவும் மாணவர்கள் கல்வியைத் தொடரவும் தடைகள் விதிக்கப்பட்டன. அத்தடைகளில் பல பின்னர் விலக்கப்பட்டன. ஆனால், ஒட்டுமொத்த மக்களையும் கண்காணிப்புக்குரியவர்களாகவே நோக்கும் நிர்வாக மனப்பான்மை இன்னும் முற்றிலும் விலகவில்லை.

முடிவில்லாத காத்திருப்பு மனிதர்களை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று இந்தியப் பெருங்கடலின் நடுவே இருக்கிறது. 2021-இல் தென்னிந்தியக் கரையிலிருந்து குழந்தைகள் உள்பட 89 இலங்கைத் தமிழர்கள் ஒரு மீன்பிடிப் படகில் கனடாவை நோக்கிப் புறப்பட்டார்கள். படகு பழுதடைந்து, அக்டோபர் 3 அன்று பிரிட்டனின் கட்டுப்பாட்டில் உள்ள டியாகோ கார்சியா தீவில் கரை சேர்க்கப்பட்டார்கள். ராணுவத் தளமாக மட்டுமே பயன்படும் அத்தீவில், வேலி சூழ்ந்த கூடாரங்களில் அவர்கள் மூன்றாண்டுகள் அடைபட்டுக் கிடந்தார்கள். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோர் பிரிட்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று அப்பிரதேசத்தின் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு பெருங்கடலைத் தாண்டத் துணிபவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. நிற்கும் இடம் தங்களுடையது ஆகவே ஆகாது என்று உறுதியாகத் தெரிந்தவர்களே அப்படித் துணிவார்கள்.

இச்சிக்கலுக்கு ஒற்றைத் தீர்வு இல்லாததற்குக் காரணம், 'இலங்கை அகதிகள்' என்ற ஒற்றைப் பெயருக்குள் வெவ்வேறு நிலையில் உள்ள நான்கு பிரிவினர் அடங்கியிருப்பதுதான்.

முதற்பிரிவினர், ஊர் திரும்ப விரும்புவோர். அவர்களுக்குத் தேவை பாதுகாப்பான, கண்ணியமான பயணம். 1992-இல் கட்டாயமாகத் திருப்பி அனுப்பப்படுவதாகக் குற்றச்சாட்டு எழுந்து, வழக்கும் தொடரப்பட்ட சூழலில்தான், திரும்புவோரின் விருப்பத்தை உறுதி செய்ய ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அலுவலகம் சென்னையில் அமைந்தது. ஆனால், 2025 மே மாதத்தில் அந்த அலுவலகத்தின் உதவியோடு முறைப்படி யாழ்ப்பாணம் திரும்பிய முதியவர் ஒருவர், பலாலி விமான நிலையத்திலேயே கைது செய்யப்பட்டார். பல ஆண்டுகளுக்கு முன் அனுமதிக்கப்பட்ட துறைமுகம் வழியாக வெளியேறவில்லை என்பதே அவர்மீதான குற்றச்சாட்டு. குண்டுமழைக்குத் தப்பி ஓடியவர் குடியகல்வுச் சாவடியில் முத்திரை பெறவில்லை என்று குற்றஞ்சாட்டும் சட்டம், திரும்ப நினைக்கும் ஆயிரம் பேரைத் தயங்க வைக்கும். போர்க்காலத்தில் வெளியேறியவர்களுக்கு அச்சட்டத்திலிருந்து விலக்கு அளிக்குமாறு கொழும்பை வற்புறுத்தும் கடமை புதுதில்லிக்கு உண்டு. தான் 2025 செப்டம்பரில் செய்ததையே இலங்கையும் செய்ய வேண்டும் என்று கேட்பதில் இந்தியாவுக்கு என்ன தயக்கம்? நாகப்பட்டினம் - காங்கேசன்துறை இடையே 2023 அக்டோபரில் தொடங்கிய பயணிகள் கப்பல் போக்குவரத்தை, வீட்டுச் சாமான்களோடு திரும்பும் குடும்பங்களுக்கு ஏற்றவாறு விரிவுபடுத்துவதும் அரிதான செயலன்று.

இரண்டாம் பிரிவினர், மலையகத் தமிழர். இவர்கள் கதை கொடுமையிலும் கொடுமை. 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும் என்று அவர்களைக் கேளாமலேயே பங்கிட்டது. விடுபட்ட 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக் கொண்டன. அந்த ஏற்பாடு முற்றுப்பெறும் முன்பே, 1983 கலவரத்தை அடுத்துத் தலைமன்னார் - இராமேசுவரம் கப்பல் போக்குவரத்து நின்றுபோனது. முறைப்படி கப்பலில் வந்திருந்தால் இந்தியக் குடிமக்களாகி இருக்க வேண்டிய சிலர், உயிர் தப்பப் படகில் வந்ததனால் அகதிகள் ஆனார்கள். 2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் இத்தகைய இந்திய வம்சாவளியினர் தொடர்ந்த வழக்கில், அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிவோடு பரிசீலிக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். இவர்களுக்குக் குடியுரிமை அளிப்பது புதிய சலுகையன்று. அரை நூற்றாண்டுக்கு முன் இந்தியா எழுதிக்கொடுத்த வாக்கை இப்போதேனும் நிறைவேற்றுவது.

மூன்றாம் பிரிவினர், இங்கேயே பிறந்தவர்கள். யாழ்ப்பாணத்தையோ திருகோணமலையையோ படத்தில் மட்டுமே பார்த்தவர்கள். குடியுரிமைச் சட்டப்படி, 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்த எவரும் பிறப்பால் இந்தியரே. 1983-க்கும் 1987-க்கும் இடையே முகாம்களில் பிறந்த குழந்தைகளுக்கும் இது பொருந்தும். ஆயினும் இந்த எளிய உண்மையை நிலைநாட்ட, மண்டபத்தில் பிறந்த ஒரு பெண் உயர்நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது; அவருக்குப் பாஸ்போர்ட் வழங்க 2022-இல் நீதிமன்றம் ஆணையிட்டது. இதே தகுதியுடைய மற்றவர்களும் தனித்தனியே நீதிமன்றப் படியேற வேண்டுமா? முகாம் பதிவேடுகளில் பிறந்த தேதி இருக்கிறது. மாவட்ட நிர்வாகமே பட்டியல் எடுத்து, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து முன்வைக்கலாம்.

1987-க்குப் பிறகு பிறந்தவர்கள் நிலை கடினமானது. 2004 டிசம்பர் 3 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம், நிலைமையை மேலும் இறுக்கியது. செல்லத்தக்க பயண ஆவணமின்றி வந்தவர்கள் 'சட்டவிரோதக் குடியேறிகள்' ஆனார்கள். அவர்கள் எத்தனை ஆண்டுகள் இங்கே வாழ்ந்தாலும் பதிவு மூலமோ, இயல்புரிமை மூலமோ குடியுரிமை கோர முடியாது. அந்நாளுக்குப் பிறகு பிறந்த குழந்தையின் தாய், தந்தையரில் ஒருவர் இந்தியராகவே இருந்தாலும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி என்றால் குழந்தை இந்தியக் குடிமகன் ஆகாது. கும்மிடிப்பூண்டி முகாமைச் சேர்ந்த ஒரு பெண் திருத்தணியைச் சேர்ந்த ஒருவரை மணந்துகொண்டால், அவர்களுடைய குழந்தை தந்தையின் ஊரிலேயே அயலானாகப் பிறக்கிறது. பாட்டி படகேறிய பாவத்தைப் பேரக்குழந்தையின் தலையில் எழுதும் சட்டம் இது.

நான்காம் பிரிவினர், எண்ணிக்கையில் சிறியவர்கள். இலங்கையின் பொருளாதாரம் நொறுங்கியபோது, 2022 மார்ச் 22 அன்று தனுஷ்கோடி அரிச்சல்முனைப் பகுதியில் 16 பேர் வந்து இறங்கினார்கள். அதன்பின் மேலும் பலர் வந்தனர். பால்மாவும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் குழந்தைகளோடு வந்தவர்கள் அவர்கள். மண்டபத்தில் தங்கவைக்கப்பட்டார்கள், ஆனால் 2015 என்ற வரம்புத் தேதி அவர்களை விலக்கு ஆணைக்கு வெளியே நிறுத்திவிட்டது. அவர்களில் பெரும்பாலோர் இதற்கு முன்பும் இங்கே அகதிகளாக இருந்து, நம்பி ஊர் திரும்பியவர்கள் என்றால், அது திரும்பிச் செல்லும் கொள்கையின் தோல்விக்கே சான்றாகும். இவர்களை அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்பதைத் தனித்தனியே விசாரித்து முடிவு செய்ய ஒரு முறை வேண்டும். அந்த முறையைத்தான் அகதிகளுக்கென ஒரு தேசியச் சட்டம் தர முடியும். அப்படி ஒரு சட்டம் இந்தியாவில் இல்லை.

இவற்றுக்கு எதிராக முன்வைக்கப்படும் வாதங்களையும் ஒதுக்கிவிட இயலாது. 2025 மே மாதத்தில், தண்டனைக் காலம் முடிந்து நாடு கடத்தப்படுவதை எதிர்த்த ஓர் இலங்கைத் தமிழரின் மனுவைத் தள்ளுபடி செய்த உச்சநீதிமன்ற அமர்வு, உலகெங்கிலுமிருந்து வருவோரையெல்லாம் தாங்குவதற்கு இந்தியா ஒரு தர்ம சத்திரம் அன்று என்ற பொருளில் கருத்துரைத்தது. அந்த வழக்கு, சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்ட ஒருவரைப் பற்றியது. முகாம்களில் வாழும் குடும்பங்களைப் பற்றியதன்று. எனினும் சத்திரம் என்ற உவமை சிந்திக்கத்தக்கது. சத்திரத்தில் வழிப்போக்கர் ஓரிரு இரவு தங்குவார். அங்கேயே மணமுடித்து, பிள்ளை பெற்று, பேரன் எடுத்து, இறந்தோரை அங்கேயே அடக்கம் செய்த ஒரு குடும்பத்துக்கு அது சத்திரம் ஆகாது. இந்தியா சத்திரமாக இருக்கக் கூடாது என்பது சரி. அப்படியென்றால் நாற்பதாண்டுகளாக நடத்திவரும் சத்திரத்தை அது மூட வேண்டும். சிலரைப் பாதுகாப்பாக வழியனுப்பி, சிலருக்கு வீட்டுச் சாவியைக் கொடுத்து மூட வேண்டும்.

பாதுகாப்பு குறித்த அச்சத்துக்கும் பதில் உண்டு. முப்பது, நாற்பது ஆண்டுகளாகப் பெயரும் விரல்ரேகையும் நடமாட்டமும் பதிவாகிவரும் இவர்களைக் காட்டிலும் அரசுக்கு நன்கு தெரிந்த மக்கள் கூட்டம் நாட்டில் வேறு இராது. குற்றம் புரிந்தவரைச் சட்டம் தனியே விசாரிக்கட்டும். ஒருவர்மீதான ஐயத்தை ஊரார்மீது ஏற்றுவது காவல் பணியாகாது.

மற்றொரு வாதம் தமிழர் தரப்பிலிருந்தே எழுகிறது, அது கனமானதும்கூட. இங்கே குடியுரிமை கொடுத்துவிட்டால், வடக்கு, கிழக்கில் தமிழரின் மக்கள்தொகையும் அரசியல் பலமும் மேலும் சரியும் என்பது அது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010-இல் 9 நாடாளுமன்ற இடங்கள் இருந்தன. 2015-இல் அவை 7 ஆயின. 2024-இல் 6 ஆகச் சுருங்கிவிட்டன. புலம்பெயர்வு ஓர் இனத்தின் குரலை எப்படிக் குறைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம். ஆகவேதான் திரும்பும் வழியை எளிதாக்குவது முதற்கடமை என்கிறோம். ஆனால், வழி திறந்த பிறகும் இங்கேயே இருக்க விரும்புபவரை, ஓர் இனத்தின் எண்ணிக்கையைக் காப்பதற்காக நாடற்றவராக வைத்திருப்பது நியாயமன்று. உரிமை மறுப்பு யாரையும் ஊர் திருப்பவில்லை என்பதற்குப் போர் முடிந்த பின் கழிந்த ஆண்டுகளே சாட்சி. இந்தியக் குடியுரிமைச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. எனவே, இரண்டிலொன்றை அச்சமின்றித் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பையே அவர்களுக்கு வழங்க வேண்டும்.

எல்லைகளைப் பற்றிப் பேசும்போது, திருத்தணி வட்டாரத்துக்கு என்று சொந்தமாக ஓர் அனுபவம் உண்டு. 1911-இல் வடஆர்க்காடு மாவட்டத்திலிருந்து சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இப்பகுதி அதனுள் போனது. 1953-இல் ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூரோடு அங்கே சென்றது. ம.பொ.சி.யின் தலைமையில் நடந்த வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், படாஸ்கரின் பரிந்துரையின் அடிப்படையிலும், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. பதிலுக்குச் சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது. அன்று ஒரே தெருவில் தமிழ் பேசும் நெசவாளரும் தெலுங்கு பேசும் நெசவாளரும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நீ எந்த மொழிக்காரன், எந்தப் பக்கம் பிறந்தவன் என்று கேட்டு எவருடைய தறியும் நிறுத்தப்படவில்லை. எவருடைய வாக்கும் பறிக்கப்படவில்லை. மாநில எல்லையும் நாட்டின் எல்லையும் ஒன்றல்ல என்பது உண்மையே. அன்று குடியுரிமை என்ற பெருங்கூரை எல்லோர் தலைக்கு மேலும் இருந்தது. ஆனால், அந்த அனுபவம் உணர்த்தும் பாடம் பொதுவானது. ஓரிடத்தில் வேர் பிடித்து, உழைத்து, வாழ்பவரை அவ்விடத்துக்கு உரியவராக ஏற்றுக்கொள்வதால் எந்த ஊரும் கெட்டுப்போனதில்லை.

உலகிலும் முன்னுதாரணம் உண்டு. 1972-இல் புருண்டியிலிருந்து தப்பி வந்த அகதிகளிலும் அவர்தம் வழித்தோன்றல்களிலும் சுமார் 1,62,000 பேருக்கு 2014-இல் தான்சானியா குடியுரிமை வழங்கியது. இந்தியாவைவிட மிகவும் எளிய நாடு அது. அது ஏற்ற எண்ணிக்கை, தமிழகத்தில் உள்ள இலங்கைத் தமிழர்களைக் காட்டிலும் அதிகம்.

சட்ட வழியும் இந்தியாவுக்குப் புதிதன்று. பாகிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு 2015-இல் முதலில் பாஸ்போர்ட் விதிகளிலிருந்து விலக்கு தரப்பட்டது. 2016-இல் ஆப்கானிஸ்தான் சேர்க்கப்பட்டது. பின்னர் 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம், அவ்வாறு விலக்குப் பெற்றவர்கள் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதப்பட மாட்டார்கள் என்றது. 2024 மார்ச் 11 அன்று விதிகளும் வெளியாயின. இரண்டு படிகள் கொண்ட ஏணி அது. இலங்கைத் தமிழர்களைப் பொறுத்தவரை, முதற்படி 2025 செப்டம்பரில் போடப்பட்டுவிட்டது. இரண்டாம் படியை, அதாவது 'விலக்குப் பெற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லர்' என்ற ஒரு வாக்கியத்தை, நாடாளுமன்றம் எழுத வேண்டும். அதுவரை நீண்டகால விசா வழங்கலாம். இதில் மதத்தைப் பற்றிய விவாதத்துக்கே இடமில்லை. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இஸ்லாமியரும் ஒரே படகில் வந்தார்கள். ஒரே விதியால் ஏற்கப்படலாம்.

குடியுரிமை மத்திய அரசின் அதிகாரம் என்று கூறி மாநில அரசும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஆளெண்ணிக்கைத் தணிக்கையைத் தளர்த்தி, உழைக்கச் செல்பவரின் உதவித்தொகை நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ளலாம். முகாமுக்கு முகாம் ஆவணச் சிறப்பு முகாம் நடத்தி, பிறப்பு, திருமணச் சான்றிதழ்களைச் சரிசெய்து தரலாம். சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின் கீழ் வருவோர், 1987-க்கு முன் இங்கே பிறந்தோர், இந்தியரை மணந்தோர், திரும்ப விரும்புவோர் என்று தனித்தனிப் பட்டியல்களைத் தயாரித்துத் தில்லியின் மேசையில் வைக்கலாம். 'அகதிகளுக்குக் குடியுரிமை வேண்டும்' என்ற பொதுக் கோரிக்கையைத் தள்ளிப்போடுவது எளிது. பெயரோடும் ஆதாரத்தோடும் வரும் பட்டியலைத் தள்ளிப்போடுவது அவ்வளவு எளிதன்று.

பசித்தவருக்குச் சோறிடுவதில் தமிழகம் எந்நாளும் குறை வைத்ததில்லை. 1983-இல் படகுகள் கரை தொட்டபோது ஊர் ஊராக அரிசியும் துணியும் திரட்டி அனுப்பிய மாநிலம் இது. ஆனால், முதல் நாள் சோறு விருந்தோம்பல். பதினைந்தாயிரமாவது நாளும் வரிசையில் நிறுத்திச் சோறு போடுவது விருந்தோம்பலாகாது. அவர்கள் தம் அடுப்பில், தம் பெயரில் உள்ள வீட்டில், இங்கோ அங்கோ, தாமே சமைத்து உண்ணும் நிலையை உருவாக்குவதே மிஞ்சியிருக்கும் கடன். அதற்குப் பெரும் நிதி தேவையில்லை. கொழும்பிடமிருந்து ஒரு விலக்கும், நம் சட்டத்தில் ஒரு வாக்கியமும் போதும்.